தாம்பாளத்தில் நான் வைத்த வசனம்

சாம்,

இதைத் தமிழில் எழுதுகிறேன். ஓ லெவல் பரீட்சையோடு தமிழை மூட்டை கட்டி வைத்தவன் நீ, படிக்க நேரமாகும். ஆகட்டும். எனக்கும் எழுத நான்கு நாள் ஆனது. முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். பாதி படித்துவிட்டு நீ ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிடுவாய், எனக்குத் தெரியும். அதனால்தான் பேப்பரும் பேனாவும். சனிக்கிழமை உன் கல்யாணம். அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். ஷீபாவும் படிக்க வேண்டும். படித்த பிறகு என்ன செய்வது என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள், நான் கேட்கமாட்டேன்.

போன வாரம் ஷீபா செங்காங் வீட்டுக்கு வந்திருந்தாள். உங்கள் தோ பாயோ வீட்டுக்கு அம்மாவின் இட்லிக் குண்டானும் பெரிய வாணலியும் வேண்டும் என்று நீதான் சொல்லி அனுப்பியிருந்தாய். போன மாதம் வரை அங்கிள் என்றவள் இப்போது மாமா என்கிறாள். அந்த வார்த்தைக்கு நான் இன்னும் பழகவில்லை, அவள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "மாமா, அத்தையோட பிராமிஸ் கார்டு இதுதானே? சாம் சொல்லியிருக்காரு." ஆமாம்மா என்றேன். "இத எங்க பைபிளுக்குள்ள வைக்கலாமா? சனிக்கிழம நீங்க குடுக்கப்போறீங்கல்ல, அந்த பைபிள்ல. அத்தை கூடவே இருக்கற மாதிரி இருக்கும் லா." பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே மடித்து வைத்த துணிகளை எடுத்து மறுபடியும் மடித்தேன். அவள் வாணலியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றாள். லிஃப்ட் வரை போய் வழியனுப்பினேன்.

நம் சபையில் மாப்பிள்ளையின் அப்பாதான் மணமக்கள் கையில் வேதாகமத்தைக் கொடுக்க வேண்டும். இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "குடுங்கப்பா, வாங்கிக்கிறேன். ஷீபாக்காக. ஆனா தொறந்து படிப்பேன்னு மட்டும் எக்ஸ்பெக்ட் பண்ணாதீங்க." ஆறு வருடமாக நீ அதைத் திறக்கவில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். கர்த்தர் உன் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார், அதைக் காப்பாற்றவில்லை. அதுதான் உன் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. அந்தக் கார்டைக் கர்த்தர் கொடுக்கவில்லை, சாம். நான் கொடுத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஷீபாவின் சபையில் இந்த வழக்கம் இல்லை, அவளுக்கும் புரிய வேண்டும். நம் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வரிசையில் போய் எவர்சில்வர் தாம்பாளத்திலிருந்து ஆளுக்கு ஒரு வசன அட்டை எடுப்பார்கள். எல்லாம் சுருட்டி, சிவப்பு நூல் கட்டியிருக்கும். எந்த அட்டையில் எந்த வசனம் என்று வெளியே தெரியாது. கைக்கு வருவது அந்த வருடத்துக்கான வாக்குத்தத்தம். பாஸ்டர் ஒரு பக்கம் நிற்பார், தாம்பாளத்தை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். முப்பது வருடம் பிடித்தேன். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் கட்டுக் கட்டாக அட்டைகள் நம் வீட்டுக்குத்தான் வரும். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நாம் மூன்று பேரும் உட்கார்ந்து சுருட்டுவோம். நீ எப்போதும் எட்டிப் பார்ப்பாய். வசனம் மேசைப் பக்கம் இருக்க வேண்டும், படிக்காமல் சுருட்ட வேண்டும், கர்த்தர் கொடுக்கப் போவதை முன்கூட்டிப் பார்க்க நாம் யார் என்று ஒவ்வொரு வருடமும் அதட்டுவேன்.

உனக்கு பிஎஸ்எல்இ பரீட்சை வந்த வருடம் நினைவிருக்கிறதா? உனக்குப் பொறுமையைப் பற்றிய வசனம் வந்தது. பக்கத்தில் நின்ற ஜோயலுக்கு, வாலாக்காமல் தலையாக்குவார் என்ற வசனம். பரீட்சை எழுதப்போகிறவனுக்கு எது வேண்டும் என்று உனக்கா தெரியாது? இரண்டு மைலோ பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டாய். நீ தாம்பாளத்திலிருந்து எடுத்த அட்டையில் நூல் இரண்டு சுற்று இருந்தது. எம்ஆர்டி ரயிலில் வரும்போது உன் அம்மாவிடம் நீ காட்டியதில் ஒரு சுற்றுதான், ஏதோ ஓர் உறுத்தல். கேட்டேன், ஒப்புக்கொண்டாய். அடுத்த ஞாயிறு உன்னை பாஸ்டர் முன்னால் நிறுத்தினேன். ஜோயலையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். பொறுமை வசனத்தை அங்கேயே மனப்பாடமாகச் சொல்ல வைத்தேன். உன் காது சிவந்துபோனது. வீட்டுக்கு வந்து உன் அம்மா, "சின்னப் பையங்க, ஏங்க இப்படி?" என்று கேட்டாள். கர்த்தர் கையில் வைத்ததை மாற்றுகிறவன் நாளைக்கு எதை வேண்டுமானாலும் மாற்றுவான் என்று அவளுக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தேன். கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று அன்று அரை மணி நேரம் பேசினேன். ஒரு வார்த்தை விடாமல் இன்னும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் தொல்லை.

அம்மாவுக்கு நோய் என்று தெரிந்த டிசம்பரில் நீ மெல்பர்னிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். முதல் மருந்து ஏறிய களைப்பில் அவள் படுத்திருந்தாள், நீ மருந்தகத்துக்குப் போயிருந்தாய். அந்த வருடம் அட்டைகளை நான் தனியாகத்தான் சுருட்டினேன். முதல் முறையாக வசனப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று விடாமல் பார்த்தேன். நான் சாவாமல் பிழைத்திருப்பேன் என்று சொல்லும் சங்கீத வசனம் வந்த கட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புத்தாண்டு காலை அவள் வரிசையில் வந்தாள், நீ அவளுக்குப் பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவள் கைநீட்டி ஓர் அட்டையை எடுத்தும்விட்டாள். அதில் நூல் அவிழ்ந்திருக்கிறது, இதை எடு என்று சொல்லி, தாம்பாளத்தின் ஓரத்தில் கட்டைவிரலுக்கு அடியில் வைத்திருந்ததை அவள் கையில் தள்ளினேன். அவள் எடுத்ததை வாங்கிப் பையில் போட்டேன். நூல் அவிழ்ந்திருக்கவில்லை. பாஸ்டர் அப்போது வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

வசனத்தைப் பிரித்துப் படித்ததும் நீ அழுதாய். அவள் அழவில்லை, அட்டையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். தேக்கா சந்தைக்குப் போய் நாம் மூன்று பேரும் பிரியாணி சாப்பிட்டோம். கீமோ ஆரம்பித்ததிலிருந்து அவள் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றே அன்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உள்ளே என்ன ஓடியது என்று தெரியாது. ஒரு செமஸ்டர் நிறுத்திவிட்டு அம்மாவோடு இருக்கிறேன் என்று பிப்ரவரியில் கேட்டாய். வசனம் இருக்கிறது, போ என்று அனுப்பினேன். அக்டோபர் தொடக்கத்தில் போன் செய்து, "அப்பா, நெஜத்த சொல்லுங்க, நான் வரணுமா?" என்று கேட்டாய். டாக்டர் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் மகனை வரச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் உன்னிடம், "விசுவாசம் இல்லாமப் பேசாத. பேப்பர எழுதிட்டு வா" என்றேன். அந்த அட்டையை நானே வைத்தேன் என்பது அதற்குள் எனக்கே மறந்துபோயிருந்தது. இது உனக்குப் புரியுமா என்று தெரியவில்லை. தினமும் ஃபிரிட்ஜ் கதவில் பார்த்துப் பார்த்து, அது கர்த்தர் சொன்னது என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். மறந்துபோனது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. மறந்துவிட எனக்கு வசதியாக இருந்தது.

நீ சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது அவள் போய் ஒன்றரை நாள் ஆகியிருந்தது. நம் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டி, மேசை நாற்காலி போட்டு, அவள் பெட்டியை வைத்திருந்தோம். பேக்பேக்கைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாய். பிறகு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்து கச்சான் கடலை எடுத்து உரித்துக்கொண்டே கேட்டாய். சாப்பிடவில்லை, உரித்துக்கொண்டே இருந்தாய். "அப்பா, அம்மாக்கு குடுத்த வசனம் பொய்யா?" அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன? "கர்த்தருடைய சித்தம்டா." நான் செய்ததைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டுச் சபையார் கொண்டுவந்த காப்பியைக் குடித்தேன். நீ எழுந்து போய்விட்டாய்.

இந்த ஆறு வருடமும் நான் ஒரு நாள் விடாமல் வேதம் வாசித்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, காப்பி போட்டு, நான்கு அதிகாரம். முடிந்ததும் அட்டவணையில் ஒரு டிக். அவளை அடக்கம் செய்த மறுநாளும் டிக் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். ஒன்றும் தோன்றவில்லை, சாம். துக்கமும் இல்லை, ஆறுதலும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படித்தான் இருந்தது, இருக்கிறது. வேதத்தில், கொள்ளைப் பொருளைக் கூடாரத்துக்கு அடியில் புதைத்து வைத்தவனின் கதை வருடத்துக்கு ஒரு முறை வரும். ஆறு முறை வந்தது. ஆறு முறையும் படித்து, டிக் போட்டுவிட்டு, பல் துலக்கப் போனேன். அவளிடமிருந்து வாங்கி நான் புதைத்த அட்டை அதே வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் இருந்தது. சபையில் இளம் தம்பதிகளுக்கு வேத வாசிப்பைப் பற்றி வகுப்பெடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் சிரிக்காமல் போய் எடுத்துவிட்டு வருவேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அவள் போவதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் அவளுக்கு அன்றைய நான்கு அதிகாரத்தையும் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தச் சொன்னாள். "அந்தக் கார்ட நீங்கதான வச்சீங்க?" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உங்க கை நடுங்குச்சு. முப்பது வருஷம் தட்டு புடிச்ச கை, அன்னிக்கு மட்டும் ஏன் நடுங்கணும்?" அப்படியானால் பத்து மாதமாக ஏன் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "நீங்க அவ்ளோ ஆசப்பட்டு வச்சது. எப்படிங்க எடுத்துப் போடறது?" என்றாள். அது சுருண்டுகொள்ளாமல் நான்கு மூலையிலும் காந்தம் வைத்தவள் அவள்தான். பிறகு, "சாம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா உங்களக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். சொல்லாம மட்டும் விட்டுடாதீங்க. அவன் கர்த்தர்மேல கோவப்படுவான், பாவம், அவருக்கு இதுல ஒன்னும் தெரியாது" என்றாள். சொல்கிறேன் என்றேன். கையைப் பிடித்துச் சத்தியம் மாதிரி ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை, நான் சொல்வேன் என்று நம்பினாள்.

சொல்லவில்லை. உன் பட்டமளிப்புக்கு வந்தபோது சொல்லலாம் என்று நினைத்தேன். வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு வராமல் ஃபுட்பால் ஆடப் போக ஆரம்பித்தபோது, முழங்காலில் நின்று உனக்காக ஜெபித்தேன், வாயைத் திறக்கவில்லை. மனசு உடைய வேண்டும், கண்ணீர் வர வேண்டும், அப்போது சொன்னால்தான் அது மனந்திரும்புதல் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கண்ணீர் வரவில்லை. இப்போதும் வரவில்லை. இந்த நான்கு நாளும் பொறுமையாக உட்கார்ந்து, பழுதுபார்க்கும் வேலைக்கு ரிப்போர்ட் எழுதுவதுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன். உணர்ச்சி வந்த பிறகு கீழ்ப்படியலாம் என்று காத்திருந்தால் ஷீபா அந்த அட்டையை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். நீ அதைத் தினமும் பார்த்துப் பல்லைக் கடிப்பாய். நான் சும்மா இருந்தேன் என்றால், ஒரே பொய்யை இரண்டு வீட்டில் குடிவைத்தவன் ஆவேன்.

கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள். நீ மறுபடியும் வேதத்தைத் திறப்பாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். திறந்தால் என்னைப்போல் வாசிக்காதே. நான்கு அதிகாரமெல்லாம் வேண்டாம். ஏதாவது ஒரு வரி உன்னிடம் இதைச் செய் என்று சொன்னால் அந்த இடத்தில் மூடிவிட்டுப் போய் அதைச் செய். செய்து முடிக்கும்வரை அடுத்த வரிக்குப் போகாதே. ஒரு வருடம் அதே பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை. நான் அப்படி வாசித்திருந்தால் என் அட்டவணையில் ஆறு வருடமாக ஒரு டிக்கும் இருந்திருக்காது, உனக்கு அம்மாவைப் பார்க்கக் கிடைக்காமல் போனதற்கு யார் காரணம் என்றாவது தெரிந்திருக்கும். இன்னொன்று. அவளுக்காகத்தான் செய்தேன், அன்பினால் செய்தேன் என்று நான் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அவள் பயப்படுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் விஷயம். நீ என்மேல் கோபப்படு, உரிய இடம் இதுதான். அவர்மேல் வைத்திருப்பதை மட்டும் எடுத்துவிடு.

ஃபிரிட்ஜ் அட்டையை இன்று காலை கழற்றிவிட்டேன். அது நான் அவளுக்குக் கொடுத்தது, என்னிடமே இருக்கட்டும். இந்தக் கடித உறைக்குள் வேறொன்று இருக்கிறது பார், சிவப்பு நூல் கட்டியது. புத்தாண்டு காலை அவள் முதலில் எடுத்தது அதுதான். மேலே சொன்ன அந்த ஆஸ்பத்திரி மத்தியானத்தில், "அந்த மொதக் கார்டு எங்க?" என்று அவள் கேட்டாள். வேதாகமத்தின் ஜிப் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விரலுக்கு வலு இல்லாததால் நான்தான் நூலைப் பிரித்தேன். ஆற்றைக் கடக்கும்போது உன்னோடு இருப்பேன் என்று அதில் இருந்தது. கடக்க வேண்டாம் என்று அதில் இல்லை. இரண்டு தடவை படித்தாள். "இதுவே போதுமேங்க" என்றாள். "இத ஏன் எங்கிட்டேர்ந்து எடுத்தீங்க?" பிறகு தானே சுருட்டி, நூலைக் கட்டச் சொல்லி என் கையில் கொடுத்தாள்.

ஷீபா வேதாகமத்தில் வைக்க ஆசைப்பட்டால் இதை வைக்கச் சொல். அம்மாவின் அட்டை என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை, பாஸ்டர் கூப்பிட்டதும் நான் எழுந்து வந்து உன் முன்னால் வேதாகமத்தை நீட்டுவேன். என் கையிலிருந்து வாங்க உனக்கு மனசு வராவிட்டால் ஷீபா வாங்கிக்கொள்ளட்டும், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். கை நடுங்கலாம். நடுங்கினால் அது வயது. கட்டைவிரலுக்கு அடியில் இந்த முறை ஒன்றும் இல்லை.

அப்பா